கருவியும் தியானமும் ஒரே இடத்தில்: நலவாழ்வு மையம் அமைக்க முழுமையான வழிகாட்டி

சவுனா என்ற வெப்ப அறை, குளிர்நீர்த் தொட்டி, சிவப்பு ஒளிப் பலகை, காலைச் சுற்றி அழுத்திவிடும் காற்றழுத்தக் காலுறை என்று உடல் களைப்பைத் தீர்க்கும் கருவிகள் ஒரு பக்கம். பிராணாயாமம், ஜபம், யோக நித்திரை, தியானம் என்று தலைமுறைகளாக வந்த பயிற்சிகள் இன்னொரு பக்கம். இரண்டையும் சேர்த்துத் தரும் மையங்கள் இப்போது உலகம் முழுக்கப் பெருகிவிட்டன. ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே கூரைக்குக் கீழே இரண்டு கடைகள்தான். ஒருவர் கருவி அறையில் வேர்த்துவிட்டு, துடைத்துக்கொண்டு, கைப்பேசியைப் பார்த்தபடியே தியான அறைக்குள் நுழைகிறார். முதல் அறையில் நடந்ததற்கும் இரண்டாவது அறையில் நடப்பதற்கும் எந்தத் தொடர்பும் இருப்பதில்லை.

அந்தத் தொடர்பு மூச்சு என்பது என் உறுதியான கருத்து. வெப்பத்தில் உட்காரும்போதும், குளிர்நீரில் இறங்கும்போதும், படுத்து ஓயும்போதும் ஒருவர் கூடவே எடுத்துச்செல்லக்கூடியது அது ஒன்றுதான். கருவி உடலைச் சீக்கிரமாக ஒரு நிலைக்குக் கொண்டுபோகும். அங்கே பதறாமல் தங்கவும், அங்கிருந்து மெதுவாகத் திரும்பவும் பயிற்சிதான் கற்றுத்தரும். மையத்தின் ஒவ்வொரு முடிவையும், அறை அமைப்பிலிருந்து பணியாளர் பயிற்சி வரை, இதை வைத்தே எடுக்கலாம். சிறிய மையம் ஒன்றைத் தொடங்க நினைப்பவர்களுக்கும், ஏற்கெனவே நடத்துபவர்களுக்கும் இந்த வழிகாட்டி. இப்படிப்பட்ட மையத்துக்குப் போகிறவர்களும் படிக்கலாம். எதைக் கேட்க வேண்டும் என்று தெரியும்.

படி 1: யாருக்காக என்று முதலில் முடிவு செய்யுங்கள்

"எல்லோருக்கும் எல்லாம்" என்று தொடங்கினால் அமர்வுக்கு ஒரு வரிசையே அமையாது. தூக்கம் வராதவர்களுக்கா, மன அழுத்தத்தில் இருப்பவர்களுக்கா, விளையாட்டு வீரர்களுக்கா? ஒன்றை முதன்மையாக வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் அதே கருவி ஒருவருக்கு உதவும், இன்னொருவருக்குக் குறுக்கே நிற்கும்.

குளிர்நீரையே எடுத்துக்கொள்வோம். கடும் பயிற்சிக்குப் பிறகு வரும் தசை வலியை அது குறைக்கிறது என்பதற்குப் போதுமான ஆய்வுகள் உண்டு. ஆனால் 2015இல் வெளியான ஓர் ஆய்வில், 12 வாரம் எடைப் பயிற்சி செய்தவர்களில் ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் 10 டிகிரி செல்சியஸ் நீரில் 10 நிமிடம் இருந்தவர்களுக்குத் தசையும் வலுவும் மற்றவர்களைவிடக் குறைவாகவே கூடின. தசை வளர வேண்டும் என்று உழைக்கும் ஒருவரை, பயிற்சி முடிந்த கையோடு தொட்டிக்குள் இறக்கினால் அவர் உழைப்பில் ஒரு பகுதியை நாம் வீணாக்குகிறோம். அடுத்த நாளே மறுபடி விளையாட வேண்டியவருக்கோ அது சரியான உதவி.

தூக்கம்தான் நோக்கம் என்றால் வெப்பமும் நேரமும் முக்கியம். படுப்பதற்கு 1 முதல் 2 மணி நேரம் முன்பு, 40 முதல் 42.5 டிகிரி வெந்நீரில் 10 நிமிடம் இருந்தாலே தூக்கம் சீக்கிரம் வருகிறது என்று 2019இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, அதாவது பல ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த ஆய்வு, சொல்கிறது. வெந்நீர் தோலுக்கு ரத்த ஓட்டத்தைக் கூட்டுகிறது. அதன் பிறகு உள்ளுடல் வெப்பம் இறங்குகிறது. அந்த இறக்கம்தான் தூக்கத்துக்கு வழிவிடுகிறது. தூக்கத்துக்காக நடத்தும் மையம் மாலையில்தான் உயிர்ப்போடு இருக்க வேண்டும், கடைசி அமர்வு குளிரில் முடியக்கூடாது என்பதெல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்தே தெரிந்துவிடும்.

படி 2: கருவிகளைத் தேர்ந்தெடுங்கள்

என்னைக் கேட்டால், தொடக்கத்துக்கு வெப்பம் ஒன்று, குளிர் ஒன்று, அமைதியான ஓய்வறை ஒன்று போதும். மற்றவை பிறகு. கருவி விற்பவர்கள் பேசும் பேச்சில் முதல் வருடமே ஆறேழு கருவிகளை வாங்கி, ஓய்வறைக்கு இடமில்லாமல் போன மையங்கள் நிறைய.

வெப்பத்தில் இரண்டு வகை உண்டு. பின்லாந்து முறைச் சவுனாவில் காற்றே 80 முதல் 100 டிகிரி வரை சூடாகிறது. அகச்சிவப்புச் சவுனாவில் காற்று 45 முதல் 60 டிகிரிதான். கதிர் நேராக உடலைச் சூடாக்குகிறது. வெப்பத்துக்குப் பழகாதவர்களுக்கு இரண்டாவது எளிது, மின்சாரமும் குறைவு. ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். சவுனாவும் இதய நலமும் பற்றி அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஆய்வு கிழக்கு பின்லாந்தில் 2315 நடுவயது ஆண்களைச் சுமார் 20 ஆண்டுகள் பின்தொடர்ந்தது. 2015இல் வெளியானது. வாரம் 4 முதல் 7 முறை சவுனாவுக்குப் போனவர்களிடம் திடீர் இதய மரணம், வாரம் ஒரு முறை போனவர்களைவிடக் குறைவாக இருந்தது. அது பின்லாந்து முறைச் சவுனாவைப் பற்றியது. அதுவும் தொடர்பைத்தான் காட்டியது, காரணத்தை நிறுவவில்லை. அந்த எண்களை அகச்சிவப்புச் சவுனாவின் சுவரில் ஒட்டுவது நியாயமில்லை.

குளிர்நீர்த் தொட்டிக்கு 10 முதல் 15 டிகிரி போதும். ஐஸ் மிதக்க வேண்டிய அவசியமே இல்லை; புதிதாக வருபவர்களை 15 டிகிரியில் தொடங்குங்கள். 14 டிகிரி நீரில் இருந்தவர்களுக்கு, உடலையும் மனதையும் விழிப்பாக்கும் ரசாயனங்களான நார்அட்ரினலின் 530 சதவீதமும் டோபமைன் 250 சதவீதமும் உயர்ந்தன என்ற தகவலை விளம்பரங்களில் பார்த்திருப்பீர்கள். உண்மைதான். ஆனால் அந்தச் சோதனையில் ஆட்கள் ஒரு மணி நேரம் நீரில் இருந்தார்கள். இரண்டு நிமிடத் தொட்டிக்கு அதே கணக்கு பொருந்தும் என்று யாரும் உறுதி தர முடியாது.

சிவப்பு ஒளி சிகிச்சையின் தொடக்கம் 1967இல் ஹங்கேரியில். எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர் எலிகள் மீது லேசர் ஒளி பாய்ச்சியபோது, மழித்த இடத்தில் முடி சீக்கிரம் வளர்வதைக் கவனித்தார். இன்றைய பலகைகளில் சிவப்பு 630 முதல் 670 நானோமீட்டர், அண்மை அகச்சிவப்பு 810 முதல் 850 நானோமீட்டர் அளவில் இருக்கும். இதில் அளவு கூடினால் பலனும் கூடும் என்பதில்லை. ஓர் எல்லையைத் தாண்டினால் பலன் குறையும். வாங்கும்போது எத்தனை விளக்கு என்று எண்ணுவதை விட்டு, ஆள் நிற்கும் தூரத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிவாட் விழுகிறது என்று கேளுங்கள். 20 மில்லிவாட் என்றால் 10 நிமிடத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 12 ஜூல் ஆற்றல். இந்தக் கணக்கைச் சொல்லத் தெரியாத விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

காற்றழுத்தக் காலுறை ஆபத்து குறைந்த, எல்லோரும் விரும்பும் கருவி. காலில் ரத்தக்கட்டி உள்ளவர்களுக்கோ, இருக்கலாம் என்ற சந்தேகம் உள்ளவர்களுக்கோ மட்டும் கூடவே கூடாது. அதை மாட்டிக்கொண்டு இருபது நிமிடம் சும்மா படுத்திருக்கும் நேரம் மூச்சைக் கவனிக்கப் பழக அருமையான வாய்ப்பு. பல மையங்களில் அந்த நேரத்தில் தொலைக்காட்சி ஓடுகிறது. எனக்கு அது பெரிய வருத்தம்.

மிதவைத் தொட்டி இந்த வகை மையத்துக்கு இயல்பாகப் பொருந்தும் கருவி. 1954இல் அமெரிக்க மருத்துவர் ஜான் லில்லி புலன்களுக்கு எதுவும் எட்டாதபடி செய்தால் மூளை என்ன செய்யும் என்று பார்க்கத்தான் முதல் தொட்டியை அமைத்தார். இப்போதுள்ளவற்றில் எப்சம் உப்பு செறிவாகக் கரைந்த நீர், தோலின் வெப்பத்தில், அதாவது 34 முதல் 35.5 டிகிரியில் இருக்கும். எந்த முயற்சியும் இல்லாமல் உடல் மிதக்கும். 2018இல் பதற்றக் கோளாறு உள்ள 50 பேரிடம் நடந்த ஆய்வில், ஒரே அமர்வுக்குப் பிறகு பதற்றம் கணிசமாக இறங்கியது. குறுகிய காலப் பலன்தான் அங்கே அளக்கப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பராமரிப்பு கடினம், இடம் அதிகம் வேண்டும். அதனால் இரண்டாவது ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

உடல் முழுவதையும் கடும் குளிர்க் காற்றில் நிறுத்தும் கிரையோ அறையும், அழுத்தம் கூட்டி ஆக்சிஜன் தரும் ஹைபர்பாரிக் அறையும் சிறிய மையத்துக்கு வேண்டாம் என்றே சொல்வேன். கிரையோ அறையில் காற்று மைனஸ் 110 டிகிரிக்கும் கீழே போகும். நைட்ரஜன் கசிந்தால் ஆக்சிஜன் குறைந்து மயக்கம் வரும். தோல் உறைந்து புண்ணாகும். எந்த நோய்க்கும் சிகிச்சையாக இதை அங்கீகரிக்கவில்லை என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2016இல் வெளிப்படையாக எச்சரித்தது. ஹைபர்பாரிக் அறை மருத்துவமனையில் குறிப்பிட்ட சில நோய்களுக்கு உண்மையாகவே உயிர் காக்கும் கருவி. ஆனால் அழுத்தமான ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் ஒரு சிறு தீப்பொறி போதும். 2025 ஜனவரியில் மிச்சிகனில் ஒரு தனியார் மையத்தில் அப்படித்தான் 5 வயதுக் குழந்தை ஒன்று இறந்தது. மருத்துவரும் பயிற்சி பெற்ற தொழில்நுட்பரும் இல்லாத இடத்தில் அந்த அறைக்கு வேலை இல்லை.

படி 3: பயிற்சிகளையும் அவற்றைக் கற்றுத்தருபவரையும் தேர்ந்தெடுங்கள்

பழைய பயிற்சிகளை ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பார்ப்பது நேற்று வந்த யோசனை இல்லை. சுவாமி குவலயானந்தா 1924இல் மகாராஷ்டிராவின் லோனாவ்லாவில் கைவல்யதாமம் என்ற யோக நிலையத்தைத் தொடங்கியபோதே யோகத்தை அறிவியல் கருவிகளால் அளக்கும் வேலையும் தொடங்கிவிட்டது. ஆகவே நாம் செய்வது புதுமை என்று பெருமைப்பட வேண்டியதில்லை; ஒரு நூற்றாண்டு வேலையின் தொடர்ச்சி என்று நினைத்தால் பொறுப்பு கூடும்.

இந்த மையத்துக்கு அடித்தளமாக நான் வைப்பது மெதுவான மூச்சு. நிமிடத்துக்கு 6 மூச்சு, அதாவது 5 நொடி இழுத்து 5 நொடி விடுவது. இந்த வேகத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. இத்தாலியைச் சேர்ந்த லூச்சியானோ பெர்னார்டியும் அவர் குழுவினரும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், லத்தீன் மொழியில் ஜெபமாலை சொன்னவர்களையும் "ஓம் மணி பத்மே ஹூம்" மந்திரம் சொன்னவர்களையும் அளந்தார்கள். இரண்டிலுமே மூச்சு தானாக நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு இறங்கியது. ரத்த அழுத்தத்தைச் சீராக்கும் அனிச்சைச் செயலும் கூர்மையானது. இரண்டு வேறு மதங்கள், வேறு மொழிகள், ஒரே தாளம். உங்கள் மையத்துக்கு வருபவர் எந்த நம்பிக்கையில் இருந்தாலும், எந்த நம்பிக்கையும் இல்லாவிட்டாலும், அவருக்கு ஒரு வழி இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. அவருக்குப் பழக்கமான பிரார்த்தனையையே மெதுவாகச் சொல்லச் சொல்லலாம். நம்பிக்கை இல்லாதவர் எண்களை எண்ணலாம்.

அடுத்தது பிராமரி, வண்டு போல ரீங்காரம் செய்யும் மூச்சு. ரீங்காரத்தின்போது மூக்கிலிருந்து வெளிவரும் நைட்ரிக் ஆக்சைடு வாயு, சாதாரணமாக மூச்சு விடும்போது இருப்பதைவிடச் சுமார் 15 மடங்கு என்று ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2002இல் அளந்தார்கள். அந்த எண்ணைவிட முக்கியமானது, புதியவர்களுக்கு இது கைகொடுக்கும் விதம். கண்ணை மூடி "மனதை அடக்கு" என்றால் தடுமாறுபவர்கள், ஓசை ஒன்று இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள்.

அப்புறம் யோக நித்திரை. படுத்தபடி, குரலைப் பின்பற்றி, உடலின் ஒவ்வொரு பகுதியாகக் கவனத்தை நகர்த்துவது. வெப்பத்துக்கும் குளிருக்கும் பிறகு உடல் தளர்ந்திருக்கும் நேரத்துக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி இல்லை. உட்கார்ந்து செய்யும் தியானத்துக்கு வாரத்தில் தனி வகுப்பு வைக்கலாம். தியானப் பயிற்சிகள் பற்றிய 47 சோதனைகளை, மொத்தம் 3515 பேரை, ஒன்றாக வைத்துப் பார்த்த 2014ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு, பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் வலிக்கும் சிறிய அளவிலிருந்து மிதமான அளவு வரை பலன் உண்டு என்று கண்டது. மிதமானது என்பதைக் குறையாக நினைக்க வேண்டாம். மருந்து இல்லாத ஒரு வழிக்கு அது நல்ல செய்தி.

கற்றுத்தருபவர் யாரிடம் கற்றார், எத்தனை காலம் கற்றார், இன்றும் தானே செய்கிறாரா என்று கேளுங்கள். வார இறுதிச் சான்றிதழை மட்டும் காட்டுபவரிடம் குழுவை ஒப்படைக்காதீர்கள். இன்னொரு கேள்வியும் உண்டு: வகுப்பின் நடுவே ஒருவர் அழுதாலோ நடுங்கினாலோ என்ன செய்வீர்கள்? இதற்கு நிதானமாகப் பதில் சொல்பவரையே நான் தேர்ந்தெடுப்பேன். தியானம் எல்லோருக்கும் எப்போதும் இதமாக இருப்பதில்லை. சிலருக்குப் பழைய அதிர்ச்சி நினைவுகள் மேலே வரும்.

பிறருடைய சடங்குகளை எடுத்துக்கொள்வதில் மிகுந்த கவனம் வேண்டும். மெக்சிகோவின் தெமஸ்கால் என்ற நீராவிச் சடங்கு, வட அமெரிக்கப் பூர்வகுடிகள் சூடான குடிலுக்குள் உட்கார்ந்து நடத்தும் வியர்வைக் குடில் போன்றவை அந்தந்த மக்களின் புனிதச் சடங்குகள். பெயரையும் புகையையும் மட்டும் எடுத்து ஒரு கட்டண அமர்வாக்குவது அவர்களுக்கு அவமரியாதை, வருபவருக்கு ஆபத்து. 2009இல் அரிசோனாவில் ஒரு சுய முன்னேற்ற முகாமில் வியர்வைக் குடில் என்ற பெயரில் நடந்த நிகழ்ச்சியில் 3 பேர் இறந்தார்கள். வெப்பத்தில் தாங்க முடியாதபோது வெளியேறுவதைத் தோல்வியாகக் காட்டும் பேச்சு எங்கே நுழைகிறதோ அங்கேதான் உயிர் போகிறது. "தாக்குப்பிடியுங்கள்", "எல்லையை உடையுங்கள்" போன்ற சொற்களை உங்கள் மையத்தில் யாரும் பேசக்கூடாது என்று எழுதியே வையுங்கள்.

படி 4: ஓர் அமர்வின் வரிசையை அமையுங்கள்

மையம் ஒன்றாகிறதா, இரண்டு கடைகளாகவே இருக்கிறதா என்பது இங்கேதான் தெரியும். நான் பரிந்துரைக்கும் அமர்வு 90 நிமிடம்.

முதல் 10 நிமிடம் வருகை. செருப்பையும் கைப்பேசியையும் வாசலில் வைத்துவிட்டு, உடல்நிலை பற்றி இரண்டு மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லி, ஒரு குவளை தண்ணீர் குடித்து, உட்கார வேண்டும். இன்று எப்படித் தூங்கினார், காய்ச்சல் உண்டா, மது ஏதாவது குடித்துவிட்டு வந்தாரா என்று பணியாளர் நேரில் கேட்க வேண்டும். படிவம் இதைச் செய்யாது.

அடுத்த 10 நிமிடம் மெதுவான மூச்சு. இதை வெப்பத்துக்கு முன் வைப்பதற்குக் காரணம் உண்டு. சவுனாவில் இதயம் வேகமாகத் துடிக்கும். குளிர்நீரில் மூச்சு திணறும். இந்த இரண்டுக்கும் முன்பே "இதுதான் என் நிதானமான மூச்சு" என்று உடல் அறிந்திருந்தால், பிறகு அதைத் தேடிப் பிடிக்க முடியும். முதல் முறை வருபவர்களுக்கு இந்தப் பகுதியை 15 நிமிடமாக்கி, வெப்பத்தைக் குறைத்துவிடுங்கள்.

பிறகு வெப்பம், அதிகபட்சம் 15 நிமிடம். புதியவர்களுக்கு 8 நிமிடம் போதும். உள்ளே இசை வேண்டாம், பேச்சு வேண்டாம். மூக்கால் மட்டும் மூச்சு விடச் சொல்லுங்கள். மூக்கால் விட முடியாத நிலை வந்தால் வெளியே வர வேண்டிய நேரம் வந்துவிட்டது. கடிகாரத்தைவிட நம்பத் தகுந்த அளவுகோல் இது, வருபவர் தானே கற்றுக்கொள்ளக்கூடியதும்கூட. எழும்போது முதலில் நேராக உட்கார்ந்து, ஒரு நிமிடம் கழித்து நிற்க வேண்டும். வெப்பத்தில் ரத்தக் குழாய்கள் விரிந்திருப்பதால் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும்.

5 நிமிடம் இடைவேளை. வியர்வை போகக் குளித்துவிட்டு, உட்கார்ந்து, துடிப்பு இறங்கும் வரை காத்திருக்க வேண்டும்.

இப்போது குளிர்நீர், 30 நொடியிலிருந்து 2 நிமிடம் வரை. இதில் என்ன நடக்கிறது என்பதைப் பணியாளர் ஒவ்வொருவரும் முழுமையாக அறிந்திருக்க வேண்டும். குளிர்நீரில் தோல் பட்டதும் தானாகவே ஒரு பெரிய மூச்சு இழுக்கப்படும். தொடர்ந்து வேகமாக மூச்சு வாங்கும். ரத்த அழுத்தம் ஏறும். இதைக் குளிர் அதிர்ச்சி என்கிறார்கள். முதல் 30 நொடியில் உச்சத்துக்குப் போய், இரண்டு மூன்று நிமிடங்களில் அடங்கும். அந்த முதல் மூச்சு நீருக்கு அடியில் வந்தால் ஆபத்து. ஆகவே தலை மூழ்கக்கூடாது, குதிக்கக்கூடாது, படி இறங்கித்தான் போக வேண்டும். இறங்கும்போது நீளமாக மூச்சை வெளியே விடச் சொல்லுங்கள். ரீங்காரத்தோடு விட்டால் இன்னும் நல்லது. ரீங்காரம் நடுங்காமல் வரும் வரைதான் குளிர் அவருக்குப் பொருந்துகிறது. முகத்தையும் நீரில் அழுத்துவது வேண்டாம். குளிர் அதிர்ச்சி இதயத்தை விரட்டும்போதே, முகம் நனைவதால் வரும் அனிச்சைச் செயல் அதை மெதுவாக்கப் பார்க்கும். இந்த இழுபறியில் துடிப்பு தாளம் தவறலாம்.

இங்கே ஒரு விதி, விலக்கே இல்லாதது. வேகவேகமாக மூச்சு வாங்கும் பயிற்சியையும் மூச்சை அடக்கும் பயிற்சியையும் நீருக்குள்ளோ, நீரில் இறங்குவதற்குச் சற்று முன்போ செய்யவே கூடாது. வேக மூச்சு ரத்தத்தில் கரியமில வாயுவைக் குறைத்துவிடும். மூச்சு வேண்டும் என்ற உந்துதலைத் தருவதே அந்த வாயுதான். அது குறைந்தால், முன்னறிவிப்பே இல்லாமல் நினைவு தப்பும். நீரில் நினைவு தப்பினால் மூழ்குவது அமைதியாக நடந்துவிடும், பக்கத்தில் இருப்பவருக்கே தெரியாது. வேக மூச்சு வகுப்பு நடத்துவதாக இருந்தால் வேறு நாளில், பாயில் படுத்தபடி நடத்துங்கள்.

வெளியே வந்தபின் 10 நிமிடம் உலர்ந்த துணி, போர்வை, மெதுவான நடை. குளிர்நீரிலிருந்து வந்த பிறகும் உள்ளுடல் வெப்பம் சிறிது நேரம் இறங்கிக்கொண்டே இருக்கும். உடனே வெந்நீரில் குளிக்க ஓடுபவர்களுக்கு ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கலாம்.

அடுத்து 25 நிமிடம் யோக நித்திரை. அறை சற்று வெதுவெதுப்பாக, விளக்கு மங்கலாக, போர்வை கனமாக இருக்கட்டும். வெப்பத்தையும் குளிரையும் கடந்து வந்த உடல் இந்த நேரத்தில் படுத்த உடனேயே தளரும். வழக்கமான வகுப்பில் இருபது நிமிடம் போராடி வரும் நிலை இங்கே தொடக்கத்திலேயே கிடைத்துவிடும். கருவியும் பயிற்சியும் ஒன்றுக்கொன்று உண்மையில் உதவுவது இந்தப் புள்ளியில்தான். உலோகக் கிண்ணத்தைத் தட்டி எழுப்பும் ஒலியைச் சேர்க்க விரும்பினால் கடைசி ஐந்து நிமிடத்தில் சேர்க்கலாம், குரலோடு போட்டியிடக்கூடாது.

மீதி நேரம் மௌனம். யாரும் எதுவும் சொல்லித்தராத, எழுந்து உட்கார்ந்து சும்மா இருக்கும் நேரம். கூட்டம் கூடும்போது முதலில் வெட்டப்படுவது இதுதான். வெட்டாதீர்கள். இரண்டு அமர்வுகளுக்கு நடுவே அரை மணி நேரம் விடுங்கள். துப்புரவுக்கும் அது வேண்டும்.

படி 5: யாரைத் தடுக்க வேண்டும், யாரை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்

சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், ஓய்வில் இருக்கும்போதே நெஞ்சுவலி வருபவர்கள், பெருந்தமனி வால்வு கடுமையாகச் சுருங்கியவர்கள், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஆகியோருக்கு வெப்பமும் குளிரும் வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு மருத்துவர் எழுத்தில் அனுமதித்தால் ஒழிய மூச்சும் ஓய்வும் மட்டும் போதும். குளிரில் விரல்கள் வெளுத்து மரத்துப்போகிறவர்களுக்கும், குளிர் பட்டால் தோல் தடிப்பவர்களுக்கும் தொட்டி கூடாது. வலிப்பு வரலாறு உள்ளவர் தனியாக நீரில் இறங்கக்கூடாது. மது அருந்தியவருக்கு அன்று அமர்வே கிடையாது.

மருந்துகளைப் பற்றிக் கேட்கப் பல மையங்கள் மறந்துவிடுகின்றன. தோலில் ஒட்டும் வலி மருந்துப் பட்டை போட்டிருந்தால், வெப்பத்தில் மருந்து வேகமாக உள்ளே இறங்கி ஆபத்தாகலாம். இன்சுலின் போட்ட கையோடு சவுனாவில் உட்கார்ந்தாலும் அது வேகமாக உறிஞ்சப்பட்டு சர்க்கரை கிடுகிடுவென இறங்கும். சிறுநீர் பெருக்கும் மருந்து எடுப்பவருக்கு நீர்ச்சத்து சீக்கிரம் குறையும். ஒளிக்குத் தோல் எளிதில் புண்ணாகும்படி செய்யும் மருந்து எடுப்பவரைச் சிவப்பு ஒளிக்கு முன் மருத்துவரிடம் கேட்டுவரச் சொல்லுங்கள். பேஸ்மேக்கர் வைத்திருப்பவரைக் காந்தப்புலம் தரும் எந்தக் கருவிக்கும் அருகில் விடக்கூடாது.

மனநலத்துக்கும் இதே அக்கறை வேண்டும். மனச்சிதைவு அல்லது இருமுனைக் கோளாறு உள்ளவர்களுக்கு வேக மூச்சும் நீண்ட மௌனமும் தகுந்த வழிகாட்டல் இல்லாமல் கூடாது. கண்ணை மூட விருப்பமில்லை என்று ஒருவர் சொன்னால், "சரி, திறந்தே வைத்துக்கொள்ளுங்கள்" என்பதுதான் பதில். காரணம் கேட்க வேண்டாம்.

படி 6: அறை, நீர், மின்சாரம்

இதில் தத்துவம் எதுவும் இல்லை. தவறினால் மையம் மூடப்படும், அவ்வளவுதான். வெப்ப அறைக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், உள்ளே தாழ்ப்பாள் கூடாது. நீர் உள்ள எல்லா இடங்களிலும் மின்கசிவைத் துண்டிக்கும் சுவிட்ச் வேண்டும். குளிர்நீரில் கிருமி வளராது என்று நினைக்காதீர்கள். வடிகட்டி, கிருமிநாசினி, தினசரிப் பரிசோதனை மூன்றும் வேண்டும். வெந்நீர்த் தொட்டி வைத்தால் 40 டிகிரியைத் தாண்டாமல், குளோரின் குறைந்தது 3 பிபிஎம் (லிட்டருக்கு 3 மில்லிகிராம்), அமில-காரத் தன்மையைச் சொல்லும் பிஹெச் 7.0க்கும் 7.8க்கும் இடையில் இருக்கப் பார்த்துக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பான நீர்தான், நுரையீரல் தொற்றைத் தரும் லெஜியோனெல்லா கிருமிக்கு மிகப் பிடித்த இடம். அளந்த எண்களை ஒரு பதிவேட்டில் நேரத்தோடு எழுதி, வருபவர்கள் பார்க்கும்படி வையுங்கள்.

சத்தம் பற்றி ஒரு வார்த்தை. குளிரூட்டியின் இரைச்சல் ஓய்வறைக்குள் கேட்டால் யோக நித்திரை நடக்காது. இயந்திரங்களையும் ஓய்வறையையும் கட்டடத்தின் எதிரெதிர் முனைகளில் வைப்பதைத் திட்டம் போடும்போதே முடிவு செய்ய வேண்டும்.

படி 7: பணியாளர்கள்

கருவி அறையில் நிற்பவர் மூச்சுப் பயிற்சியைத் தானும் தினமும் செய்பவராக இருக்க வேண்டும். ஆசிரியர் குளிர்நீரில் தானும் இறங்கிப் பழகியிருக்க வேண்டும். மறுபக்கம் என்ன நடக்கிறது என்று இருவருக்குமே தெரியாவிட்டால் மறுபடி இரண்டு கடைகள்தான். எல்லோருக்கும் முதலுதவியும் நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கும் பயிற்சியும் வேண்டும். நின்ற இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் தானியங்கி டீஃபிப்ரிலேட்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். தொட்டியில் ஆள் இருக்கும்போது பணியாளர் அறையை விட்டு நகரக்கூடாது. கண்ணை மூடிப் படுத்திருப்பவரைத் தொட்டுத் திருத்துவதாக இருந்தால், முன்பே கேட்டு அனுமதி வாங்கியிருக்க வேண்டும்.

படி 8: எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது

"நச்சு நீக்கம்" என்ற சொல்லை உங்கள் பலகையிலிருந்து எடுத்துவிடுங்கள். வியர்வை பெரும்பாலும் நீரும் உப்பும்தான்; கழிவை அகற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும். "நோய் தீரும்" என்று சொல்லாதீர்கள். "தசை வலி குறையலாம், உடல் தளரும், பலருக்குத் தூக்கம் நன்றாக வருகிறது" என்று சொன்னால் போதும், அது உண்மையும்கூட.

பயிற்சிகளை விற்பதற்காக அறிவியல் சொற்களைக் கடன் வாங்குவது இதைவிட மோசம். "குவாண்டம் அதிர்வு", "அலைவரிசை சிகிச்சை" என்றெல்லாம் எழுதும்போது அறிவியலும் சிறுமைப்படுகிறது, மரபும் சிறுமைப்படுகிறது. உடலில் உள்ளதாக யோக மரபு சொல்லும் சக்கரம் பற்றி ஓர் ஆசிரியர் பேசினால் அது அவர் மரபின் மொழி. அந்த மரபுக்குள் அதற்குப் பொருள் உண்டு. அதை அப்படியே, "எங்கள் மரபில் இப்படிச் சொல்வோம்" என்று சொல்லட்டும். மீட்டர் வைத்து அளந்ததுபோல் காட்ட வேண்டாம்.

படி 9: முதல் எட்டு வாரங்கள்

தொடங்கியதும் குழுவில் 4 பேருக்கு மேல் எடுக்காதீர்கள். வாரம் இரண்டு அமர்வு வீதம் ஒரே குழு எட்டு வாரம் வரட்டும். ஒவ்வொருவரும் தூக்கம், வலி, பதற்றம் மூன்றுக்கும் வாரம் ஒரு முறை பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் எழுதட்டும். கையில் கட்டும் கருவி வைத்திருப்பவர்கள் இதயத் துடிப்பு மாறுபாட்டை, அதாவது அடுத்தடுத்த துடிப்புகளுக்கு இடையிலான நேரம் எவ்வளவு மாறுகிறது என்பதை, காலையில் எழுந்ததும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். ஒரு நாள் எண்ணைப் பார்த்துக் கவலைப்படாமல் வாரச் சராசரியை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். இதை ஆய்வு என்று எங்கும் சொல்லாதீர்கள். உங்கள் வரிசையைத் திருத்திக்கொள்ள இது போதும்.

இன்னொன்றையும் கேளுங்கள்: மையத்துக்கு வராத நாட்களில் வீட்டில் பத்து நிமிடம் மூச்சுப் பயிற்சி செய்தீர்களா? எட்டாவது வாரத்தில் பெரும்பாலோர் இல்லை என்று சொன்னால், கருவிகள் நன்றாக வேலை செய்கின்றன, கற்பித்தல் வேலை செய்யவில்லை என்று பொருள். ஆசிரியரோடு உட்கார்ந்து பேசி, முதல் பத்து நிமிடத்தை இன்னும் எளிமையாக்குங்கள்.

புதிய கருவி வாங்கும் ஆசை எப்படியும் வரும். 90 நிமிட வரிசையில் அது எந்த இடத்தில் உட்காரும், அதற்காக எந்தப் பகுதி குறையும் என்று தாளில் எழுதிப் பாருங்கள். மௌன நேரம் குறையும் என்றால் வாங்க வேண்டாம். அந்தப் பணத்தில் ஓய்வறையில் இன்னும் இரண்டு படுக்கை போட முடியுமா என்று பாருங்கள். ஆட்கள் கூடும்போது இடம் போதாமல் போவது அங்கேதான்.